துரைராஜ் போட்ட சதுரங்கள்

சேலையூர் நூல்வட்டத்தை ஆரம்பித்தது ஜெரூஷா. அதற்குப் பெயர் வைத்து, பதிவு செய்து, பேப்பரில் படம் வரும் அளவுக்கு வளர்த்தது ஹேமாவதி. இதை ஜெரூஷாவே நாலு பேர் நடுவில் சொல்லுவாள். சொல்லும்போது அவள் குரலில் பொறாமை துளியும் இருக்காது. ஹேமாவதிக்கு அப்போது கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

ஜெரூஷா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்குத் தலை சூடு போய்விடக் கூடாது, ஒரு குல்லா இருந்தால் போதும், பாதிக் கவலை தீரும் என்று கேம்ப் ரோட்டில் அவளுக்குத் தெரிந்த பெண்களிடமெல்லாம் சொல்லி, குரோஷா ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருத்திதான் ஹேமாவதி. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள். எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் அவளுக்கு. இரண்டு வருஷத்தில் நூல்வட்டத்தில் அறுபது பெண்கள் சேர்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஹேமாவதியின் அபார்ட்மெண்ட் மாடி ஹாலில் கூடுவார்கள். குல்லாவோடு நிற்கவில்லை. முதியோர் இல்லங்களுக்குச் சால்வை போனது. மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள பஞ்சு அடைத்த மெத்தென்ற உருண்டைகள் பின்னிக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்ட ஒரு பெண் ஹாலுக்கே வந்து ஜெரூஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றைக்கும் எல்லோரும் சொல்லுவார்கள்.

அப்படி இருந்தபோதுதான் ஹேமாவதிக்கு அந்தச் சாதனை ஆசை வந்தது. ஒரே அளவில் சதுரம் சதுரமாகப் பின்னி, அத்தனையையும் இணைத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் தரையையே மூடுகிற மாதிரி ஒரு போர்வை. சாதனைகளைப் பதிவு செய்கிற ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்து அளந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அப்புறம் அதைப் பிரித்துச் சின்னச் சின்னப் போர்வைகளாக்கி இல்லங்களுக்குக் கொடுத்துவிடலாம். பேரும் கிடைக்கும், நாலு பேருக்குப் பிரயோஜனமாகவும் இருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள்.

நிபந்தனைகளை ஹேமாவதி நின்றுகொண்டு வாசித்தாள். ஒவ்வொரு சதுரமும் எட்டு அங்குலம். பின்னல் இறுக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கையால் போட்டதாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஜெரூஷா பின்வரிசையில் இருந்து, வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது போட்டால் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஹேமாவதி தாளில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முடியாது, ரூல் அப்படி, ஒருத்தருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றாள். யார் போடுகிறார்கள், எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெரூஷாவும் சரி என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஜெரூஷாவின் கணவர் துரைராஜ் தாம்பரம் ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் தேறியது. கை தேறவில்லை. நூல்வட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு மூன்று முறை போய்ப் பழம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஜெரூஷா சனிக்கிழமைகளில் தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பினாள். ஹேமாவதி அதைப் புரிந்துகொண்டுதான் இருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் சதுரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜெரூஷாவும் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டு, மாத்திரை நேரம் என்று ஓடிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஹேமாவதி அந்தப் பையைக் கூடத்துத் தரையில் கொட்டினாள். பாதிக்கு மேல் ஜெரூஷாவின் வழக்கமான வேலை. மிச்சம் முப்பதுக்கும் மேலே நீலச் சதுரங்கள், ஓரத்தில் வெளிர் மஞ்சள். அவற்றை எடுத்துப் பார்த்ததும் ஹேமாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தது, மறுபக்கம் முடிச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. மூலைகள் இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றைத் தரையில் வைத்தால் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். எதுவும் எட்டு அங்குலம் வரவில்லை.

ஜெரூஷாவா இப்படிப் போட்டாள்? ராத்திரி பகல் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள், எங்கேயோ நினைப்பை வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள் பாவம் என்று ஹேமாவதி நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் சிவகுமார் டிவியில் இருந்து திரும்பி, "போன் பண்ணி கேளேன். அவங்களே திருப்பிப் போட்டுக் குடுப்பாங்கல்ல?" என்றார்.

"இருக்கற கஷ்டத்துல இதையும் சொல்லி அவ மனசை நோகடிக்கணுமா? நானே பாத்துக்கறேன்."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்பது ஹேமாவதிக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. சங்கடமான ஒரு பேச்சை அவள் தவிர்க்க நினைத்தாள். அதோடு, தான் போட்டால் சரியாக வரும் என்ற நிச்சயம் அவளுக்கு இருந்தது. சதுரத்தின் கடைசி முடிச்சை அவிழ்த்து நூலைப் பிடித்து இழுத்தால் போதும், சர சரவென்று பிரிந்து வந்துவிடும். முதல் சதுரத்தைப் பிரிக்கும்போது அங்கங்கே நூல் மாட்டிக்கொண்டது. கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. என்ன இப்படிப் போட்டு வைத்திருக்கிறாள் என்று எரிச்சல்கூட வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் சமையல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்து, அதே நீல நூலில், அதே வெளிர் மஞ்சள் ஓரத்தோடு, எட்டு அங்குலத்துக்கு அச்சடித்த மாதிரி அத்தனையையும் திருப்பிப் போட்டாள். முடித்துவிட்டு அடுக்கிப் பார்த்தபோது, தோழிக்கு ஒரு உதவி செய்துவிட்டோம், அதையும் அவளுக்குத் தெரியாமல் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு மண்டபத்தில் போர்வையை விரித்தார்கள். வாசலில் தண்ணீர் லாரி நின்று வழியை அடைத்துக்கொண்டதில் அளக்க வந்தவர்கள் தாமதமாக வந்தார்கள். அறுபது பெண்களும் ஒரே நிற டி-ஷர்ட்டைப் புடவை மேலும் சுடிதார் மேலும் மாட்டிக்கொண்டு ஓடியாடினார்கள். ஹேமாவதி மேடையில் ஏறி நின்று பார்த்தாள். இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை நிறம் நிறமாகப் பரந்து கிடந்தது. இத்தனை கைகளின் வேலை.

அப்போதுதான் ஜெரூஷா துரைராஜை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஜெரூஷா அவரை ஓரமாக நிறுத்திவிட்டு ஹேமாவதியிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஹேமாக்கா, அந்த நீலச் சதுரம்லாம் எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க? அவரு பாக்கணும்றாரு. அதெல்லாம் அவரு போட்டது. கை விரலுக்கு எக்சர்சைஸா இருக்கும்னு ஊசியக் குடுத்தேன், புடிச்சிக்கிட்டாரு. ரூல்னு சொன்னீங்களா, அதான் என் பேர்ல சேத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஹேமாவதிக்குக் காதில் விழுந்தது. அர்த்தம் மெல்லத்தான் உள்ளே இறங்கியது. அளவு நாடாவோடு ஒருவர் வந்து நீளம் எங்கிருந்து ஆரம்பம் என்று கேட்டார். ஹேமாவதி ஜெரூஷாவுக்குக் கிழக்கு மூலையைக் கையால் காட்டினாள். ஜெரூஷா சிரித்துக்கொண்டே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

ஹேமாவதி அவர்கள் பின்னாலேயே போனாள். எதற்குப் போகிறோம் என்று தெரியவில்லை. ஜெரூஷா குனிந்து ஒரு நீலச் சதுரத்தைத் தொட்டாள். பக்கத்துச் சதுரத்தைத் தொட்டாள். ஓரத்து மஞ்சளை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி ஹேமாவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. புரிந்தும், புரிந்ததை நம்ப முடியாத ஒரு திகைப்புதான் அதில் இருந்தது.

"இதா?" என்றார் துரைராஜ். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறியது.

ஜெரூஷா நிமிர்ந்தாள். "இதான். இந்த வரிசை பூரா உங்களுதுதான்."

அவர் இடது கையை நீட்டிச் சதுரத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நானா போட்டேன் இத? கோண மாணயா போட்டேன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். நேரா கீதே. நம்ம ரயில் கோச் கலர்தான். பரவால்லயே ஜெரு." பக்கத்தில் நின்ற ஹேமாவதியைப் பார்த்து, "நல்லா வந்துகீதுல்ல மேடம்?" என்றார்.

ஹேமாவதி, "நல்லா வந்திருக்குண்ணா" என்றாள்.

சான்றிதழ் கிடைத்தது. கை தட்டல், கேக், குரூப் போட்டோ எல்லாம் நடந்தது. போட்டோவில் ஜெரூஷா இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்துகள் கொட்டிக்கொண்டிருந்த அன்று மாலை ஹேமாவதி அவளுக்குப் போன் செய்தாள். அவருக்கு அசதி, அதனால் முன்னாலேயே கிளம்பிவிட்டோம் மேடம் என்றாள் ஜெரூஷா. அக்கா போய் மேடம் வந்திருந்தது. ஹேமாவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஜெரூஷா வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமைகளில் வரவில்லை. குல்லாக்களை மட்டும் தன் பக்கத்துத் தெருவில் இருந்த நூல்வட்டத்து வினிதாவிடம் கொடுத்து அனுப்பினாள். வினிதா வயதில் சின்னவள், ஐடி கம்பெனியில் வேலை. ஜெரூஷா ஆன்ட்டிக்கு வீட்டில் வேலை அதிகம் போல என்று அவளாகவே ஒரு காரணம் சொன்னாள். ஹேமாவதி திருத்தவில்லை.

ஏதாவது செய்ய வேண்டும் என்று ஹேமாவதிக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அக்டோபரில் பெரிய போர்வையைப் பிரித்துச் சின்னப் போர்வைகளாக்கியபோது, ஒரு நீலச் சதுரத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்தாள். கீழே துரைராஜ், கௌரவ உறுப்பினர், சேலையூர் நூல்வட்டம் என்று அழகாக எழுதி வாங்கினாள். நேரில் கொண்டுபோக தைரியம் வரவில்லை. வினிதாவிடம் கொடுத்து அனுப்பினாள். அங்கிள் ரொம்ப சந்தோஷப்பட்டார், கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார் என்று வினிதா வந்து சொன்னபோது, அன்றைக்கு ஒரு நாள் ஹேமாவதி நிம்மதியாகத் தூங்கினாள்.

நவம்பரில் ஒரு மத்தியானம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது ஜெரூஷா வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த ஃப்ரேம நீங்க அனுப்பிருக்க வேணாம்" என்றாள்.

துரைராஜ் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியைப் பிடிக்கிறாராம். அந்த மாதிரி வரவில்லையாம். பிரிப்பார், போடுவார், மறுபடி பிரிப்பார். ஜூனில் இவ்வளவு நேராகப் போட்ட கை இப்போது இப்படிக் கோணுகிறது என்றால், கை நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். பதினைந்து நாளாக ஊசியைத் தொடவில்லை. பிசியோ செய்ய வருகிற பெண்ணை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். சாப்பாடு பாதி. டாக்டர் முன்னேற்றம் இருக்கிறது என்று சொன்னாலும் நம்பவில்லை. சுவரில் இருக்கிற ஃப்ரேமைக் காட்டி அதைப் பார், கையைக் காட்டி இதைப் பார் என்கிறார்.

இதையெல்லாம் ஜெரூஷா கேஸ் ஷீட் வாசிக்கிற நர்ஸ் மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். கடைசியில்தான் குரல் உடைந்தது.

"அன்னிக்கி அவரு மொகத்தப் பாத்து எனக்கு மனசு வரல. நானும் பொய் சொல்லிட்டேன். இப்ப நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பாரு. பிரிச்சவங்க வந்து சொன்னாதான் நம்புவாரு." வாசலில் சாய்த்திருந்த குடையைப் போய் எடுத்துக்கொண்டாள். "பிரிக்கறதுக்கு முன்ன ஒரு போன் பண்ணிருக்கலாம்ல ஹேமாக்கா."

ஹேமாவதி, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கத்தில் இறங்கித் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்து போனாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் சாய்ந்திருந்த துரைராஜைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். எதிர்ச் சுவரில் அந்த ஃப்ரேம், பளிச்சென்று இருந்தது.

"அண்ணா, அது நீங்க போட்டது இல்ல. நான் போட்டது" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். ஹேமாவதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சதுரங்கள் அளவுக்கு வராதது, ஜெரூஷா போட்டது என்று நினைத்தது, கேட்காமல் பிரித்தது, மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் ஃப்ரேம் வேறு போட்டு அனுப்பியது. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் வெறும் சமாளிப்பாகத்தான் அவள் காதிலேயே விழுந்தது. ஜெரூஷா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரைராஜ் சுவரில் இருந்த ஃப்ரேமையே பார்த்தார். பிறகு கேட்டார். "அல்லாத்தயுமா பிரிச்சீங்க?"

"எல்லாத்தையும்."

"மொதல்ல போட்டது ஒண்ணு கீது. நடுவுல பெரிய ஓட்ட வுட்டுட்டேன், பூ மாதிரி இருக்கும். அதக் கூடவா?"

ஹேமாவதி யோசித்துப் பார்த்தாள். ஓட்டை விழுந்த சதுரங்கள் பல இருந்தன. எது முதலாவது என்று அவளுக்கு எப்படித் தெரியும். எல்லாம் ஒரே நூல் உருண்டையாகிவிட்டது அவள் கையில். "அதுவும்தான்ணா" என்றாள்.

"அத முடிக்க ஒரு வாரம் ஆச்சு. ஊசி கைல நிக்கவே நிக்காது. வுழும். ஜெரு எடுத்துக் குடுப்பா." அவர் வலது கையைத் தூக்கித் தன் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். விரல்கள் பாதி மடங்கி நின்றன. சட்டென்று அவர் முகம் மாறியது. "அப்போ என் கை கெட்டுப் போவல?"

"இல்லண்ணா. கெட்டுப் போகல."

"அப்பவும் கோணதான் போட்டேன். இப்பவும் கோணதான் போடறேன்." அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "பேஜார் பண்ணிட்டீங்களே மேடம். நான் ஒரு மாசமா செத்துகினு இருந்தேன்." ஜெரூஷாவைப் பார்த்து அந்த ஃப்ரேமைக் கழட்டச் சொன்னார். மேடத்துக்கு டீ போடச் சொன்னார். டீ வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த கூடையைக் காலால் இழுத்து, ஊசியை எடுத்து விரல்களுக்கு நடுவில் செருகப் பார்த்தார். விழுந்தது. ஹேமாவதி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது தடவை நின்றது.

அவர் ஒரு கண்ணி போடுவதற்குள் டீ ஆறிவிட்டது. அந்த ஒரு கண்ணிக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று உடம்பின் பாதியே வேலை செய்ய வேண்டியிருந்தது. நெற்றியில் வியர்வை பூத்தது. ஹேமாவதி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்கும் மேற்பட்ட சதுரங்களைத் தான் எவ்வளவு சுலபமாக உருவிப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது ஜெரூஷா ஃப்ரேமைப் பேப்பரில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். கேட் வரைக்கும் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழம வாயேன் ஜெரூஷா" என்றாள் ஹேமாவதி. "அண்ணனையும் கூட்டிட்டு வா. ரூலை எல்லாம் தூக்கிப் போட்டுடலாம்."

ஜெரூஷா கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். "அவரு மனசுல எதையும் வெச்சிக்க மாட்டாரு. அவருக்கு அப்டி முடியும். எனக்கு முடியல. அந்த மொத சதுரம் முடிஞ்ச அன்னிக்கி நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதோம். அத எடுத்து வெச்சிக்கலாம்னுதான் சொன்னேன். அவருதான், வேணாம் குடு, பெரிய போர்வைல நம்மளுதும் இருக்கட்டும்னாரு." கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் திறந்துவிட்டாள். "குல்லா போட்டு அனுப்பறேன். அது கொழந்தைங்களுக்கு. நான் வரதப் பத்தி இப்ப கேக்காதீங்க."

ஹேமாவதி அதற்கப்புறம் கேட்கவில்லை. டிசம்பர் கூட்டத்தில் தன் செயலாளர் பொறுப்பை வினிதாவிடம் கொடுத்துவிட்டாள். எல்லோரும் காரணம் கேட்டார்கள். முட்டி வலி என்றாள்.

ஜனவரியில், பொங்கல் நெருக்கத்தில், கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்தாள். துரைராஜ் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். தேறியிருந்தார், கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே இவளைக் கண்டுகொண்டு, "மேடம், நல்லாக்கீறீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். ஹேமாவதி நன்றாக இருக்கிறேன் என்று தலையாட்டினாள். பக்கத்தில் ஜெரூஷா தள்ளுவண்டிக்காரனிடம் பச்சை மொச்சைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மொச்சையை ஒவ்வொரு காயாக எடுத்து அழுத்திப் பார்த்து, பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள். ஹேமாவதி ஒரு பூக்கடை ஓரமாக நின்று காத்திருந்தாள். பூக்காரி, இன்னா வேணும்மா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஜெரூஷா பையை முடிந்துகொண்டு, கணவரின் முழங்கையைப் பிடித்து, எதிர்ப்பக்கமாகக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஹேமாவதி இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பினாள்.